மிச்சம் ஒரு ஒயர்

காந்திபுரத்துல ஒரு மாடி. கீழ பேக்கரி, மேல எஸ்தரோட கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பன் வேகற வாசமும் ஈயம் உருகற வாசமும் படிக்கட்டுல பாதியில வந்து முட்டிக்கும். அந்த இடத்துல நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் நாச்சிமுத்து மிச்சப் படி ஏறுவாரு.

மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எஸ்தருக்கு அவரு பொண்ணு வயசு. ஆனா கம்ப்யூட்டர் வேலை கத்துக்க அவருதான் அவகிட்ட வந்தாரு. "டீச்சர்"னு கூப்பிடாதீங்கன்னு அவ சொல்லிப் பாத்தா. "சரிங்க டீச்சர்"னாரு. அதோட விட்டுட்டா.

அன்னைக்கு அவரு தூக்கிட்டு வந்தது மவன் பிரகதீஷ் சாமான் சாமானா வாங்கி வீட்டுலயே கட்டுன கம்ப்யூட்டரு. அதைத் தொறந்து புது மதர்போர்டு, புது ரேம், புது டிஸ்க்கு எல்லாம் இவரே மாட்டியிருந்தாரு.

"ஃபேன் சுத்துதுங்க. லைட்டு எரியுது. டிஸ்ப்ளே மட்டும் வரமாட்டேங்குது."

"எல்லாத்தையும் கழட்டுங்க."

"எதுல பழுதுன்னு சொல்லிட்டீங்கன்னா அதை மட்டும் கழட்டிக்கலாமுங்க."

"தெரிஞ்சா எல்லாத்தையும் ஏன் கழட்டச் சொல்றேன்?"

நாச்சிமுத்து ப்ளக்கைப் புடுங்கிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாரு.

"மொதல்ல சுவிட்சை அழுத்துங்க" அப்படின்னா எஸ்தர்.

"ப்ளக்கைத்தான் புடுங்கியாச்சுங்களே."

"அழுத்துங்க."

அழுத்துனாரு. உள்ள ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுச்சு. நாச்சிமுத்து வெடுக்குன்னு கையை இழுத்துக்கிட்டாரு. தரையில கெடந்த ப்ளக்கைப் பாத்தாரு. ஃபேனைப் பாத்தாரு. மறுபடி ப்ளக்கைப் பாத்தாரு.

"எப்படிங்க?"

"புடுங்குன உடனே போயிடாதுங்கய்யா. கொஞ்சம் தங்கும்."

எல்லாத்தையும் கழட்டி, வெறும் போர்டை அதோட அட்டைப்பொட்டி மேலயே வச்சு, ஒரே ஒரு ரேமைச் சொருகி, சுவிட்சு ஒயரு சொருகற ரெண்டு முள்ளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால தொட்டா. படம் வந்துருச்சு. ஒவ்வொண்ணா மாட்டுனா. எல்லாமே ஓடுச்சு. எந்த சாமான்லயும் பழுது இல்ல.

"அப்ப எங்கதானுங்க பழுது?"

எஸ்தர் காலி கேபினெட்டுக்குள்ள டார்ச் அடிச்சா. போர்டு உக்கார்றதுக்கு முடுக்கி வைக்கிற பித்தளைக் கால் ஒண்ணு, பழைய போர்டுக்கு வச்சது, புது போர்டுல ஓட்டையே இல்லாத எடத்துல துருத்திக்கிட்டு நின்னுச்சு. போர்டோட முதுகுல குத்தி ஷார்ட் ஆக்கிக்கிட்டே இருந்திருக்கு. வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

"இதை முடுக்குனது யாரு?"

"மவன்."

"எங்க இருக்காரு?"

"தெரியாதுங்க."

எஸ்தர் அதுக்கு மேல கேக்கல. அந்தக் காலைக் கழட்டி அவரு கையில வச்சா. வேர்க்கடலை அளவுதான். நாச்சிமுத்து அதைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு.

கம்ப்யூட்டரு ஜம்முன்னு ஓடுச்சு.

*

அடுத்த வாரம் அவரு வெறுங்கையோட வந்தாரு. படிக்கட்டுப் பாதியில நிக்காம வந்தாரு போல, மூச்சு எறைச்சுது.

"என்னங்கய்யா, மறுபடி டிஸ்ப்ளே போச்சா?"

"இல்லைங்க. எல்லாம் சரியாயிருச்சு."

"அப்புறம்?"

"அந்தப் பழுதைத் திருப்பிக் குடுங்க டீச்சர்."

எஸ்தர் கடலை தின்னுட்டு இருந்தா. ஒண்ணை வாயில போட்டுட்டு, மென்னு முடிக்கிற வரைக்கும் அவரையே பாத்தா.

"எந்தப் பழுது?"

"உங்ககிட்ட சொல்லாத பழுதுங்க."

அப்புறம்தான் சொன்னாரு.

பழைய போர்டு இருந்தப்ப, மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டி, தெருவே கண்ணு சொக்குற நேரத்துல, அந்தக் கம்ப்யூட்டரு தானா எந்திரிக்கும். யாரும் தொடாம. ரூம்ல யாரும் இல்லாம. ஃபேன் சுத்தும், டிஸ்ப்ளே எரியும். கொஞ்ச நேரம் எரிஞ்சிட்டு இருந்துட்டுத் தானா அணைஞ்சுரும். எல்லா நாளும் இல்லை. எந்த நாள்னும் சொல்ல முடியாது.

"மவன் போனதுக்கு அப்புறமாங்கய்யா?"

"ஆமாங்க. ரெண்டு தீவாளி ஆச்சு. போன் நம்பரை மாத்திட்டான். ஸ்டேஷன்ல சொல்லியாச்சு. வயசு வந்த பையன், கோவிச்சுக்கிட்டுப் போனான்னா வருவான்னாங்க."

"சரி. எந்திரிக்கும். அணைஞ்சுரும். இது நின்னா நல்லதுதானே?"

நாச்சிமுத்து பையில இருந்த பித்தளைக் காலை வெளிய எடுத்து விரலுக்கு நடுவுல உருட்டுனாரு.

"எங்க வீட்டுல அது முன்னாடி சோறு வைப்பாங்க."

"யாரு?"

"மாராத்தா. என் சம்சாரம். தட்டுல சோறு போட்டு, கொழம்பு ஊத்தி, அது முன்னாடி கொண்டு போயி வைப்பா. அது எந்திரிச்சு, எரிஞ்சு, அணைஞ்சப்புறம் அதே தட்டுல உக்காந்து அவ சாப்பிடுவா. எந்திரிக்காத நாள்ல பொழுது சாயற வரைக்கும் பாத்துட்டு, ஏதோ ரெண்டு வாய். டீச்சர், தட்டு வச்சுக் காத்துட்டு இருக்கறதை நாம யாருக்கு பண்ணுவோம்? செத்தவங்களுக்குப் படைக்கிறப்பத்தானே? என்னால பாக்க முடியலை. போர்டை மாத்துனா நின்னுரும்னு நெனைச்சேன்."

"நின்னுருச்சு."

"நின்னுருச்சுங்க. அன்னையில இருந்து மத்தியானம் ஒரு பருக்கை அவ வாயில போகலை. 'அவன் வரலையே'ங்கறா. தட்டு காஞ்சு போயி கெடக்குது. நேத்து பாத்ரூம்ல தலை சுத்தி விழுந்துட்டா."

எஸ்தர் கடலைத் தோலை ஊதித் தள்ளுனா.

"பழைய போர்டு எங்க?"

"புது போர்டு வந்த பொட்டியிலதான் போட்டு பரண்ல வச்சிருக்கேனுங்க. டிஸ்க்கும் அதுலதான்."

கம்ப்யூட்டர் கட்டுற சாதி பூரா அப்படித்தான். காலிப் பொட்டியைத் தூக்கிப் போட மனசு வராது.

"எடுத்து வைங்க. நாளைக்கு வர்றேன்."

எஸ்தர் யாரு வீட்டுக்கும் போறவ இல்ல. கூப்பிட்டவங்களை எல்லாம் "பேஷண்டைத் தூக்கிட்டு வாங்க"ன்னு சொல்லித்தான் அனுப்புவா. இது நாச்சிமுத்துக்குத் தெரியும். அதனாலயே அன்னைக்கு ராத்திரியே பரண்ல ஏறிப் பொட்டியை எறக்கி வச்சாரு.

*

வாசல்ல மாராத்தா நின்னா. எஸ்தரைப் பாத்து, "வா கண்ணு"ன்னா. புருசனைப் பாக்கல. அவருகிட்ட பேசறதை நிறுத்தியிருந்தா. சொல்ல வேண்டியதைச் சுவத்தைப் பாத்துச் சொன்னா.

"பழுதுன்னா கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடுற மனுசரு இந்த வீட்டுல ஒருத்தரு இருக்காரு. பையனைத் தேடச் சொன்னா போர்டைக் கழட்டுறாரு."

சுவரு ஒண்ணும் சொல்லல. நாச்சிமுத்து பொட்டியைத் தூக்கி மேசை மேல வச்சாரு.

எஸ்தர் பழைய போர்டை அட்டைப்பொட்டி மேல வச்சு, பழைய டிஸ்க்கை மாட்டி, டிஸ்ப்ளேக்கு ஒயர் குடுத்தா. கேபினெட்டே இல்ல. நெஞ்சைப் பொளந்து மேசை மேல கெடத்துன மாதிரி கெடந்துச்சு.

"மழை நாள்ல சுவிட்சு தானா ஒட்டிக்கும். சில பொட்டி அதனாலயே எந்திரிக்கும்" அப்படின்னா. "இப்ப சுவிட்சே இல்ல."

கீபோர்டைத் தட்டி உள்ள போயிப் பாத்தா. "இத்தனை மணிக்கு எந்திரின்னு உள்ளயே அலாரம் வைக்கலாம். வைக்கல." அப்புறம் கீபோர்டையும் மௌசையும் உருவித் தன்னோட பைக்குள்ள போட்டுக்கிட்டா. "மேசை அதிர்ந்து மௌஸ் ஆடுனாக்கூட சிலது முழிச்சுக்கும். இப்ப அதுவும் இல்ல."

கடைசியா மோடத்துல இருந்து வந்த நெட்டு ஒயரைச் சொருகுனா. சொருகிட்டு, மாராத்தா பக்கம் திரும்புனா.

"அம்மா, பிரகதீஷ் வெளியில இருந்துக்கிட்டே நெட்டு வழியா இதை எழுப்புவாரா?"

"எழுப்புவானே! காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தப்ப தெனமும். சாப்டுட்டு ரூமுக்கு வந்தா இதை எழுப்பி, ஏதோ அவனோட பாடத்தை எடுத்துக்குவான். இங்க இது எரிஞ்சா அங்க அவன் சாப்டாச்சுன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டு நான் சாப்பிடுவேன். அப்பவே அப்படித்தான் கண்ணு. இப்ப மட்டும் என்னை லூசுங்கறாங்க."

"தட்டு வைக்கிறது?"

"அப்ப ஹாஸ்டல்ல சோறு போட்டாங்க. இப்ப யாரு போடறா?"

நாச்சிமுத்துக்கு இது தெரியாது. ஹாஸ்டல் நாள்ல அவருக்கு மத்தியானம் மில்லு.

"எதுக்கும்மா போனாரு?"

மாராத்தா மறுபடியும் சுவத்தைப் பாத்தா.

"எந்நேரமும் இதுலயே கெடக்கறானேன்னு கோவம் ஒருத்தருக்கு. போயி ப்ளக்கைப் புடுங்கிட்டாரு. அவன் மாசக்கணக்கா பண்ணிட்டு இருந்தது அதுலதான் இருந்துச்சாம், எல்லாம் போச்சாம். ஒரு வார்த்தை பேசல. விடிஞ்சு பாத்தா ஆளு இல்ல."

நாச்சிமுத்து பித்தளைக் காலை இறுக்கிப் புடிச்சிருந்தாரு. உள்ளங்கையில அதோட மரை பதிஞ்சுது.

மாராத்தா உள்ள போயி தட்டு கொண்டாந்தா. சோறு, கொள்ளுப் பருப்பு, ஓரத்துல வறுத்த மொளகா. போர்டுக்கு முன்னாடி வச்சா. மூணு பேரும் உக்காந்தாங்க.

தெருவுல பழவண்டிக்காரன் கத்திக்கிட்டுப் போனான். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுச்சு. எங்கயோ ஒரு கொழந்தை அழுதுச்சு. அப்புறம் வண்டி தூரமாப் போச்சு. மிக்ஸி நின்னுச்சு. கொழந்தையும் நிறுத்திக்கிச்சு. சொல்லி வச்ச மாதிரி எல்லாச் சத்தமும் ஒண்ணா ஓய்ஞ்சு, சோத்துல இருந்து ஆவி மட்டும் போயிட்டு இருந்துச்சு.

சுவிட்சு இல்லாத அந்தப் போர்டுல ஃபேன் சுத்துச்சு.

"வ்வ்வ்..."னு, தூங்கி எந்திரிச்சவன் தொண்டையைச் செருமுற மாதிரி. டிஸ்ப்ளே எரிஞ்சுது. கறுப்புத் திரையில, எழுத்து அடிக்கறதுக்குக் காத்திருக்கற ஒரே ஒரு வெள்ளைக் கோடு மினுக்கு மினுக்குன்னு.

நாச்சிமுத்து குனிஞ்சு மேசைக்கு அடியில பாத்தாரு.

"வந்துட்டான்" அப்படின்னா மாராத்தா. தெனமும் ஆறு மணிக்கு வர்ற பால்காரரைச் சொல்ற மாதிரி.

கோடு மினுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் டிஸ்ப்ளே அணைஞ்சுது. ஃபேன் நின்னுச்சு. மாராத்தா தட்டை எடுத்து மடியில வச்சு, பெசைஞ்சு சாப்பிட ஆரம்பிச்சா.

நாச்சிமுத்து எஸ்தர் பக்கம் திரும்புனாரு. "டீச்சர்... அவனுங்களா?"

எஸ்தர் நெட்டு ஒயரைத் தொட்டுக் காட்டுனா.

"சுவிட்சைக் கழட்டியாச்சு, மௌசைக் கழட்டியாச்சு. மிச்சம் ஒரு ஒயரு. நாளைக்கு இதைக் கழட்டிட்டு உக்காருங்க. இது இல்லாம எந்திரிச்சா போர்டு பழுது. இத்தனை நாளா ஒரு பழுதுக்குத்தான் சோறு வச்சிருக்காங்க."

"எந்திரிக்கலைன்னா?"

"ஒரு நாள் வச்சு சொல்ல முடியாது. நாலஞ்சு நாள் பாக்கணும். எந்திரிக்கவே இல்லைன்னா, அந்தப் பக்கம் இருந்து யாரோ எழுப்புறாங்க."

"அவன்தானா?"

"யாரோ."

பையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. "சாப்டுட்டுப் போ கண்ணு"ன்னு மாராத்தா கூப்பிட்டது வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

*

மறுநாள் மத்தியானம் நாச்சிமுத்து போர்டு பக்கத்துல நாக்காலி போட்டு உக்காந்தாரு.

நெட்டு ஒயரோட முனையில சின்னதா ஒரு நாக்கு இருக்கும். அதை அமுக்குனாத்தான் ஒயரு வெளிய வரும். கட்டைவிரலை அது மேல வச்சாரு. விரலுக்கு அடியில பச்சை லைட்டு மினுக்கிச்சு. யாரோ நாடி பாக்கச் சொல்லிக் கையை நீட்டுன மாதிரி இருந்துச்சு அவருக்கு.

அமுக்குனாத் தெரிஞ்சுரும். ஃபிட்டரா இருந்த காலத்துல அவரு அப்படித்தான். நூறு மிஷின் ஓடுற சத்தத்துல எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு தெரியற வரைக்கும் சோறு எறங்காது. இது ஒரே ஒரு ஒயரு.

எந்திரிச்சுட்டா? அவன் இல்லை. என்னைக்குமே இருந்ததில்லை. மாராத்தாகிட்ட அதை எப்படிச் சொல்றது?

எந்திரிக்கலைன்னா? அவன் எழுப்புன நேரம் பாத்து இவரு புடுங்கி வச்சிருக்காருன்னு ஆகும். மறுபடியும்.

தட்டோட வந்த மாராத்தா அவரு கட்டைவிரலைப் பாத்தா. ரொம்ப நாளைக்கப்புறம் மொத தடவையா நேரா அவரு மூஞ்சியைப் பாத்துப் பேசுனா.

"புடுங்குங்க. பழகுன கைதானுங்களே."

தெருச் சத்தம் ஒவ்வொண்ணா ஓய ஆரம்பிச்சுது.

நாச்சிமுத்து விரலை எடுத்தாரு. எடுத்த நேரமும் ஃபேன் சுத்துன நேரமும் ஒண்ணு. எது மொதல்லன்னு இன்னைக்குக் கேட்டாலும் அவரால சொல்ல முடியாது.

டிஸ்ப்ளே எரிஞ்சுது. கறுப்புல வெள்ளைக் கோடு. புருசனும் பொண்டாட்டியும் பாத்துட்டு இருந்தாங்க. கோடு இவங்களைப் பாத்துட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் அணைஞ்சுருச்சு.

*

"புடுங்குனீங்களா?" அப்படின்னா எஸ்தர்.

"இல்லைங்க."

"ஏன்?"

நாச்சிமுத்து நின்னுட்டே இருந்தாரு. கீழ பேக்கரியில யாரோ தட்டை உருட்டி விட்டாங்க. அந்தச் சத்தம் அடங்குற வரைக்கும் அவரு தன்னோட கட்டைவிரலையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

எஸ்தர் மேசைக்கு அடியில குனிஞ்சு ஒரு கீபோர்டை எடுத்தா. அன்னைக்கு அவரு வீட்டுல இருந்து உருவிட்டு வந்தது. பிரகதீஷோட கீபோர்டு. சட்டை நுனியால தூசி தொடைச்சு அவரு முன்னாடி வச்சா.

"அது எந்திரிச்சா என்னங்கய்யா பண்ணுவீங்க, இத்தனை நாளா?"

"நான் என்ன பண்றதுங்க. பாப்பேன். எதனால எந்திரிச்சுதுன்னு யோசிப்பேன்."

"அம்மா?"

"சோறு வைப்பா."

"அந்தப் பக்கம் யாராவது இருந்தா, இங்க டிஸ்ப்ளேல என்ன இருக்கோ அதுதான் அவங்களுக்கும் தெரியும். சோறு தெரியாது. நீங்க தெரிய மாட்டீங்க. வெறும் கோடு மட்டும் மினுக்கிட்டு இருக்கும். பாத்துட்டு அணைச்சிருவாங்க."

நாச்சிமுத்து கீபோர்டைக் கையில எடுத்தாரு. சில எழுத்து தேஞ்சே போயிருந்துச்சு. மவனோட வெரல் பட்டுப் பட்டு.

"இதை மாட்டட்டுங்களா?"

"மாட்டுங்க."

"மாட்டி... என்னன்னு அடிக்கறதுங்க?"

"சாப்டாச்சான்னு கேளுங்க."

அவரு படி வரைக்கும் போனாரு. மொதப் படியில காலை வச்சாரு. வச்ச காலை எடுத்துட்டுத் திரும்பி வந்தாரு. கீபோர்டை ரெண்டு கையாலயும் மாரோட அணைச்சுப் புடிச்சிருந்தாரு.

"டீச்சர். அந்தப் பக்கம் இருக்கறது என் பையனா இல்லாம, வேற யாராவதா இருந்தா?"

எஸ்தர் கடலைப் பொட்டலத்தை மடிச்சு ஓரமா வச்சா.

"அவங்களும் சாப்டிருக்க மாட்டாங்க."